மாமாவின் குட்டைப் பனையும் மலரின் பூனைகளும்

தம்பி,

கடிதம் என்றதும் பதறாதே. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, எனக்கும் ஒன்றும் இல்லை, கடையில் எலித் தொல்லை வழக்கம்போல் இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் நீ துறைமுகத்தில் கிரேன் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு "சரிம்மா, சரிம்மா" என்பாய். பாதி காதில் விழாது, மீதியை உன் வசதிக்கு நீயே நிரப்பிக்கொள்வாய். இது அப்படி அரைகுறையாகக் கேட்கிற விஷயம் இல்லை. அதனால் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி. படித்து முடித்ததும் மலரிடம் கொடு.

போன வாரம் நீ சொன்னதை முதலில் உனக்கே திருப்பிச் சொல்கிறேன், எப்படி இருக்கிறது என்று நீயே கேட்டுக்கொள். வருகிற வெள்ளிக்கிழமை புது வீட்டில் பால் காய்ச்சுகிறீர்கள். தாய்மாமன் சீராக உன் மாமா, அதாவது என் அண்ணன், வாசலுக்கு இரண்டு பக்கமும் வைக்க ஒரு ஜோடி குட்டைப் பனையைத் தொட்டியோடு கொண்டுவருகிறார். கல்யாண விருந்துக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது மலர் அந்தச் செடியைப் பார்த்துவிட்டு, போனில் தேடி, அது பூனைக்கு விஷம் என்று கண்டுபிடித்திருக்கிறாள். உடனே நீங்கள் இரண்டு பேரும் கூடி முடிவெடுத்துவிட்டீர்கள். மாமாவிடம் சொன்னால் அவர் மனது நோகும். அதனால் அவள் பூனைகள் மக்ரூனையும் கருப்பட்டியையும் கூடையில் போட்டுத் திருச்செந்தூரில் மலரின் அம்மா வீட்டில் விட்டுவிடுவது. "கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்றாய். எவ்வளவு அழகான முடிவு! யார் மனதும் நோகாது, பூனைகள் மட்டும் போய்விடும்.

கொஞ்ச நாள் என்பது எவ்வளவு நாள், தம்பி? அந்தச் செடி உன் பேரன் காலம் வரைக்கும் நிற்கும். வளர்வதே தெரியாமல் வளரும், சாகவும் சாகாது. மாமா மாதம் ஒருமுறை வந்து அதைத் தடவிப் பார்ப்பார். அப்படியானால் மலரின் பூனைகள் திருச்செந்தூரிலேயே கிடக்க வேண்டியதுதான். அவள்தான் அனுப்பிவிடலாம் என்று சொன்னாளாம், நீ வற்புறுத்தவில்லையாம். அதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். கட்டிக்கொண்டு வந்த வீட்டில் பால் பொங்கும் முன்பே ஒரு பெண் தனக்குப் பிடித்ததை முகம் சுளிக்காமல் விட்டுக்கொடுக்கிறாள் என்றால், அதைப் பார்த்து நல்ல பெண் என்று நீ சந்தோஷப்படக் கூடாது, பயப்பட வேண்டும். இன்றைக்குப் பூனை. நாளைக்கு எதை விடுகிறாள் என்பது உனக்குத் தெரியவே தெரியாது. எனக்கும் உன் அப்பாவுக்கும் நடுவில் சண்டை வந்ததெல்லாம் நான் பேசிய நாட்களில்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பேசாத நாட்கள்தான் மோசம், அது அப்பாவுக்குத் தெரியும்.

சரி, நீ சொன்னதைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. போனில் வருவதெல்லாம் உண்மையா? பனை எப்படி விஷமாகும்? மறுநாள் காலையில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் இரண்டு வெள்ளாடு, ஒரு சண்டைக் கோழி, பிறகு வெறுங்கையோடு நான். டாக்டரம்மா சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். "பூனை எங்கம்மா?" என்றது. "பூனைக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணும் ஆயிறக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்" என்றேன். சிரித்துவிட்டு, "இப்படி ஒருத்தரும் வந்ததே இல்ல, உக்காருங்க" என்றது. வரிசை முடிந்த பிறகு நிதானமாகச் சொன்னது. நீயும் மலரும் ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போகப் போகிறீர்கள் அல்லவா? அதற்காக அந்தப் பெண் சொன்னதையும், மொட்டைமாடியில் உப்புக் காற்றோடு மல்லுக்கட்டி நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் லில்லி. கல்யாண வரவேற்பில் உன் கையில் திணித்தார்களே, பெரிய பெரிய வெள்ளைப் பூவாக ஒரு கொத்து, அது வீட்டுக்குள் வரவே கூடாது. இலை, பூ, தண்டு மட்டுமில்லை, அந்த மஞ்சள் தூள் பூனையின் முடியில் ஒட்டி அதை நக்கினாலே போதுமாம், பூ வைத்த ஜாடித் தண்ணீரைக் குடித்தாலே போதுமாம், சிறுநீரகம் போய்விடும். பால் காய்ச்சுக்கு வருகிறவர்கள் யாராவது பூங்கொத்து கொண்டுவந்தால் வாங்கி அப்படியே மாடிப்படிக்கு வெளியே வை, முகம் கோணினால் கோணட்டும். செங்காந்தளும் அரளியும் அதே மாதிரி மோசம், ஆளுக்கே ஆகாது. அரளிப்பூ சாமிக்கு வேண்டும் என்றால் கோயில் வாசலில் வாங்கிக் கோயிலிலேயே போட்டுவிட்டு வா. மணி பிளாண்ட்டைத் தின்றால் செத்துவிடாது, ஆனால் வாயும் நாக்கும் எரிந்து எச்சில் ஒழுக்கிக்கொண்டு கிடக்கும். அதை வைத்தால் வீட்டில் காசு சேரும் என்று உன் சித்தப்பா சொல்வார். அவர் வீட்டில் அது மாடி வரைக்கும் ஏறியிருக்கிறது, காசு இன்னும் ஏறவில்லை.

உன் மாமியார் வாசலில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் சொல்வார். கண்ணேறுக்கு நல்லது என்று நானும்தான் கட்டியிருக்கிறேன். ஆனால் பூனை இருக்கிற வீட்டில் வேரோடு எதையாவது ஆடவிட்டால், அதற்கு அது விளையாட்டுச் சாமான். எம்பிப் பிடித்து இழுத்து, சோற்றுப்பக்கத்தைக் கடித்து, வீடெல்லாம் வாந்தி எடுத்து வைக்கும். படிகாரத்தைக் கறுப்புக் கயிற்றில் கட்டு, கண்ணேறு அதற்கும் பயப்படும். ஓமவல்லியும் பூனைக்கு ஒத்துக்கொள்ளாதாம். இதைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். சளி பிடித்தால் உனக்கு அதைத்தான் வாட்டிப் பிழிந்து கொடுத்து வளர்த்தேன். போகட்டும், அந்தத் தொட்டி என் வீட்டிலேயே இருக்கும். சளி பிடித்தால் வந்து வாங்கிக்கொண்டு போ, அந்தச் சாக்கிலாவது வருவாய்.

வைக்கக் கூடியது நிறைய இருக்கிறது, ஒன்றுமே வைக்கக் கூடாது போல என்று மலர் வாடிப்போக வேண்டாம். துளசி, ரோஜா, செம்பருத்தி, நல்ல மல்லிகை, இதெல்லாம் பயமில்லை. உள்ளே வைக்க அரேகா பனை, பெரணி, சிலந்திச் செடி. அரேகா நிஜப் பனை இனம், பூனை இலையைக் கீறிக் கந்தலாக்குமே தவிர அதற்கு ஒன்றும் ஆகாது. பெரணியைக் கடல் பக்கத்து ஜன்னலில் வைக்காதே, உப்புக் காற்றில் ஓரம் எல்லாம் காப்பி நிறத்துக்குப் போய்விடும். குளியலறை ஜன்னல்தான் அதற்கு இடம். போர்த் தண்ணீரை எதற்கும் ஊற்றாதே, லாரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ போதும். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் இலைகளைத் துடை, நம் ஊர்த் தூசியும் உப்பும் சேர்ந்து அப்பளம் மாதிரி படிந்திருக்கும். தொட்டி மண்ணைத் திறந்து வைத்தால் பூனைகள் அதைக் கக்கூஸ் ஆக்கிவிடும். மேலே சிப்பியும் கிளிஞ்சலும் பரப்பு, ஆனால் கடற்கரையில் பொறுக்கியதை நன்றாக ஊறவைத்து உப்புப் போகக் கழுவிவிட்டுப் பரப்பு. ஆமணக்குப் புண்ணாக்கு உரம் வேண்டவே வேண்டாம், அது விஷம். இன்னொன்று, நம் தெருவில் எல்லாரும் மீன் கழுவிய தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றுவோமே, அதை நீ செய்தால் மறுநாள் ரோஜா தெருவில் கிடக்கும், தொட்டிக்குள் பூனை உட்கார்ந்திருக்கும். எப்போதாவது எதையாவது தின்று தொலைத்தால் பாலைக் கொடுக்கிறேன், உப்புத் தண்ணீரைக் கொடுக்கிறேன் என்று கைவைத்தியம் பார்க்காதே. தின்ற இலையை ஒரு பையில் போட்டு, பூனையையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு.

முக்கியமாக, பூனைக்குப் பச்சை தின்கிற ஆசை இருக்கிறது. அதற்கென்று ஒன்று கொடுத்துவிட்டால் மற்றதைத் தொடுவது குறையும். ஒரு தட்டில் மண் பரப்பிக் கம்போ கேழ்வரகோ தூவி முளைக்கவிடு, அல்லது அருகம்புல் வை. இதை டாக்டரம்மா சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை. உன் அத்தை, அதுதான் மாமா பெண்டாட்டி, ஒரு வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்த்தாள். இருட்டறையில் வைத்து, விரதம் இருந்து, யார் கண்ணும் படாமல் வளர்த்த முளைப்பாரி. கோயிலுக்கு எடுக்க வேண்டிய அன்று கதவைத் திறந்தால், நடுவில் மாலி உட்கார்ந்து மேய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் மொட்டை. அத்தை அழுத அழுகை இருக்கிறதே! மாமா பூனையை அடிக்கவில்லை, "அம்மனுக்கு அதுவும் பிள்ளைதானளா" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். ஊர்வலத்தில் அத்தை மொட்டைப் பக்கத்தை மறைக்கத் தலையில் அதைத் திருப்பித் திருப்பியே சுமந்தாள்.

மாலி யார் என்று உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது ரொம்பச் சின்னவன். மாமாவின் கருப்பட்டி மண்டியில் எலி தாங்கவில்லை என்று, பக்கத்து வீட்டு பர்னாந்து அண்ணாச்சி ஒரு தோணியில் இருந்து கொண்டுவந்து கொடுத்த பூனை. அண்ணாச்சி தோணியில் மாலத்தீவு போய்வந்துகொண்டிருந்தவர். சரக்கை எலி கடிக்காமல் இருக்கத் தோணியில் பூனை வளர்ப்பார்கள், அதில் ஒரு குட்டி. மாலத்தீவில் இருந்து வந்ததால் மாலி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர்தான், பூனைக்கு அது ரோடு. இந்தப் பக்கம் மாமாவின் மடி, அந்தப் பக்கம் அண்ணாச்சியின் மனைவி மேரி அக்கா போடும் மீன் தலை. அண்ணாச்சி மாடியில் சீலாக் கருவாடு காயப்போட்டால் அதையும் தூக்கிக்கொண்டு வந்துவிடும். அவர் மாடியில் நின்று, "ஒரு நா இல்லாட்டி ஒரு நா உம்ம பூனைக்கு மருந்து வைக்கத்தான் போறேன் வே!" என்று கத்துவார். மாமா இங்கே இருந்து, "மொதல்ல உம்ம கருவாட்டுல உப்பு போடும் வே!" என்பார். தெருவே சிரிக்கும்.

டாக்டரம்மா எல்லாச் செடியையும் சொல்லி முடித்த பிறகுதான் குட்டைப் பனையின் படத்தைக் காட்டினேன். அந்தப் பெண் முகம் மாறியது. "இது பனையே இல்லம்மா. சைக்கஸ். பாக்கத்தான் பனை மாதிரி. முழுச் செடியும் விஷம், கொட்டை ரொம்ப மோசம். பூனை தின்னா மொதல்ல வாந்தி எடுக்கும், சாப்பிடாது. அப்புறம் கல்லீரல் போயி கண்ணு, ஈறு எல்லாம் மஞ்சளாகும். அந்த நெலமைக்கு வந்துட்டா காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம்" என்றது. மாலி செத்தபோது நான் அங்கே இருந்தேன், தம்பி. கருப்பட்டிச் சாக்கின்மேல் கிடந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. மஞ்சள் தடவியது போல இருந்தது அந்தக் கண்.

மாமாவின் குட்டைப் பனை முதல்முதலாகக் காய்த்தது அந்த வருஷம்தான். சிவப்பாக, சின்னச் சின்னதாகக் கொட்டைகள். ஆனால் அன்றைக்கு யாருக்கு அது தோன்றும்? பனை என்றால் நமக்குப் பயமே கிடையாது. மாமாவுக்குக் கொற்கைப் பக்கம் பனை இருந்தது, பிழைப்பே பனையில். நுங்கு, பதனீர், கிழங்கு, பழம் என்று அந்த மரத்தில் வாயில் போடாத பாகம் இல்லை. அதன் சாயலில் எது நின்றாலும் சொந்தக்காரன் மாதிரி நம்பிவிடுவோம். அதனால் பூனை செத்ததும் மாமாவுக்கு நினைவுக்கு வந்தது செடி இல்லை, அண்ணாச்சி மாடியில் நின்று கத்திய வார்த்தை. தெருவில் நின்று, "எம் பூனைக்கு மருந்து வச்சுக் கொன்னுட்டீரே வே" என்று கூப்பாடு போட்டார். அண்ணாச்சி வெளியே வந்து, "நானா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். மாமா சுவரை ஆள் உயரத்துக்கு எழுப்பினார். கிறிஸ்துமஸுக்கு வருகிற பலகாரத் தட்டு நின்றது, பொங்கலுக்குப் போகிற கரும்பு நின்றது. சில வருஷம் கழித்து மேரி அக்கா இறந்தபோது, மாமா துட்டி கேட்கப் போகவில்லை. சண்டை போட்டவன்கூடச் சாவுக்குப் போவான். பக்கத்து வீட்டில் பிணம் கிடக்க, மாமா மண்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார். நான் போனேன், அத்தை போனாள். நான் உள்ளே நுழைந்தபோது அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். யாரும் வரவில்லை.

செடி வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் பொய் இருக்கிறது. வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கலாம், வாசலில் இடம் போதாது என்று சொல்லியிருக்கலாம். நீயும் அப்படித்தான் சொல்லச் சொல்வாய், நோகாமல் நழுவுவதில் நீ உன் அப்பாவையே மிஞ்சிவிடுவாய். ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும்போது ஆட்டோவில் நானும் அதைத்தான் யோசித்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், பர்னாந்து அண்ணாச்சி கண் மூடுகிற வரைக்கும் பூனையைக் கொன்றவராகவே இருப்பார். மக்ரூனும் கருப்பட்டியும் பிழைத்துக்கொள்ளும், அவர் பிழைக்கமாட்டார். அதனால் அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போனேன்.

மாமா முற்றத்தில் உட்கார்ந்து உனக்காக வைத்திருந்த இரண்டு தொட்டியின் இலைகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏளா, தொட்டிக்குக் காவி அடிக்கவா, செவப்பு அடிக்கவா? மருமவளுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார். காவிதான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிடலாமா என்று இருந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, இந்தச் செடி வேண்டாம். பூனைக்கு ஆவாதாம். தின்னா செத்துப்போவுமாம்."

சிரித்தார். "பனையத் தின்னு எவன்ளா செத்தான்? அப்படிப் பாத்தா நம்ம வம்சமே இருந்திருக்காது."

"இது பனை இல்லையாம்ணே. பாக்கத்தான் அப்படி. டாக்டரம்மா சொல்லுதா. மொதல்ல வாந்தி எடுக்குமாம். அப்புறம் கண்ணு மஞ்சளாப் போவுமாம்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. "கொட்டையுமா?" என்று கேட்டார்.

"கொட்டைதான் ரொம்ப மோசமாம்ணே."

துணியைத் தொட்டி விளிம்பில் வைத்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "நான்தானளா உருட்டிவிட்டேன். செவப்பா, குட்டிப் பனம்பழம் மாதிரி இருக்கேன்னு, வெளையாடட்டும்னு, கடையடச்சு வந்ததும் தெனமும் நான்தான் உருட்டிவிட்டேன். கவ்விட்டு வந்து எங் காலடியில கெடந்து கடிக்கும். நானும் பாத்துச் சிரிச்சேன்."

தெரியாமல் செய்ததுதானே என்று ஆரம்பித்தேன், கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டார். வாசல் வரை வந்த அத்தை, "கொண்டுவந்து குடுத்த மனுசனே மருந்து வைப்பாரான்னு நான் அன்னைக்கே கேட்டேன். நான் சொல்லி இந்த வீட்டுல யாரு கேக்கா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கோபப்பட்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர், "அண்ணன்காரன் இனி நம்ம வாசல் மிதிக்கமாட்டாரு" என்றார். அடுத்து வந்த நாட்களில் மாமா போன் எடுக்கவில்லை. நான் செய்தது சரிதானா என்று எனக்கே ஆட்டம் கண்டுவிட்டது. உன் வீட்டுப் பால் காய்ச்சுக்குத் தாய்மாமன் இல்லாமல் போய்விடுமோ என்று சாமியிடம் மல்லுக்கட்டினேன்.

நேற்றுக் காலையில் மாமா நம் கடை முன்னால் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, சட்டை போடாமல் மேலே ஒரு துண்டு. "ஏளா, எங்கூட ஒரு எடத்துக்கு வா" என்றார். துட்டி வீட்டுக்குப் போகிற அந்தக் கோலத்தைப் பார்த்ததும் எங்கே என்று நான் கேட்கவில்லை. நடந்தே போனோம். தன் வீட்டைத் தாண்டி, அந்த உயரச் சுவரைத் தாண்டி, அடுத்த கேட்டைத் திறந்தார்.

அண்ணாச்சி கூடத்தில் நாற்காலியில் இருந்தார். இப்போது ரொம்பத் தளர்ந்துவிட்டார், தோணியில் நின்ற ஆள் என்று சொல்ல முடியாது. மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மேரி அக்காவின் படம். மாமா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். செடியை, கொட்டையை, தான் உருட்டிவிட்டதை. ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. கடைசியில், "நான் பழி சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சி திரும்பி மேரி அக்காவின் படத்தைப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "பூனைய விடும். மேரிக்கு வராம இருந்துட்டீரே வே."

மாமா, "இப்ப வந்திருக்கேன் அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். துட்டி வீட்டு முறை உனக்குத் தெரியும். வாங்க என்று கூப்பிட மாட்டார்கள், காப்பி கொடுக்க மாட்டார்கள். போனவர்கள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, 'வாரேன்' என்று சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். வீட்டுக்காரரும் 'போயிட்டு வாங்க' என்று சொல்லக் கூடாது, துக்கம் அந்த வீட்டுக்குத் திரும்ப வந்துவிடக் கூடாது என்பதற்காக. அண்ணாச்சி வாங்க என்று சொல்லவில்லை. அவர் மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். மேரி அக்கா இறந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நாங்கள் நேற்று இறந்தவளுக்கு உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தோம். பிறகு மாமா எழுந்தார். ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னால் போனேன். கேட்டைத் திறக்கும்போது உள்ளே இருந்து குரல் வந்தது.

"வே."

மாமா நின்றார்.

"போயிட்டு வாரும்."

மாமா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார், தம்பி. என் கல்யாணத்துக்கு அழாதவர், எங்கள் அப்பா போனபோது அழாதவர். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லை. நானும் அழுதேன், அதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமை மாமா வருவார். தொட்டிகளை மண்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார், அதை என்ன செய்வது என்பது அவர் பாடு. "சீரு இல்லாம எப்படிளா வாரது?" என்று கேட்டார். "ஆள் வந்தா போதும்ணே" என்றேன். தாய்மாமன் வெறுங்கையோடு படியேறுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. நீ கீழே வரைக்கும் இறங்கி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ. செடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். மலரிடம் சொல், அவள் கூடையை எடுத்துப் பரணில் போடட்டும். ஆள் கூட்டத்தைப் பார்த்துப் பூனை இரண்டும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், ஒளிந்துகொள்ளட்டும். பந்தி முடிந்து சத்தம் அடங்கிய பிறகு ஒன்று மெதுவாக வெளியே வரும். அது மாமா மடியில் ஏறினால், யாரும் இறக்கிவிடாதீர்கள்.

அம்மா